வாளையார் எல்லையில் ஒரு சிறிய ஆய்வகத்துக்கு எந்த உலோகம்? கரியமில வாயுவை ஒளியால் ஒடுக்கும் வினையூக்கிகள் பற்றிய ஒப்பீடு

கோவை–பாலக்காடு நெடுஞ்சாலையில் மதுக்கரையிலும், எல்லையைத் தாண்டியதும் வாளையாரிலும் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால், இப்பகுதிக் கல்லூரிகளில் வேதியியல் முதுகலை படிப்பவர்களுக்குக் கரியமில வாயு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் பொருள் அன்று. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் ஆய்வுத்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பருவத்தில், அந்த வாயுவை ஒளியின் துணையால் கார்பன் மோனாக்சைடாகவோ பார்மிக் அமிலமாகவோ மாற்றும் வினையூக்கிகளைப் பற்றிய பேச்சு தவறாமல் எழுகிறது. விலைமிகுந்த ரூதெனியத்தையும் ரீனியத்தையும் ஒதுக்கிவிட்டு, மண்ணில் தாராளமாகக் கிடைக்கும் இரும்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீசு, தாமிரம் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கலாம் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு உண்டு. எதை எடுப்பது என்பதில்தான் இழுபறி. இந்தக் கட்டுரை அந்த ஒரு முடிவுக்காக எழுதப்படுகிறது.

முடிவெடுக்கும் ஆய்வகம் எப்படிப்பட்டது என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வசதி மாறினால் விடையும் மாறும். நீல ஒளி தரும் எல்.இ.டி. விளக்கு, பிற துறைகளோடு பங்கிட்டுக்கொள்ளும் ஒரு கேஸ் குரோமட்டோகிராப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி), மஃபிள் ஃபர்னஸ், ரோட்டரி எவாப்பரேட்டர், ஆர்கான் சிலிண்டர், சிலிக்கா ஜெல் பத்தி நிரப்பப் பொறுமையுள்ள மாணவர்கள் ஆகியவை உண்டு என்று வைத்துக்கொள்வோம். காற்றுப் புகாத கையுறைப் பெட்டியான குளோவ் பாக்ஸ் கிடையாது. ஆய்வுக்கான காலம் இரண்டு ஆண்டு. எல்லைப்புறக் கல்லூரிகள் பலவற்றின் நிலை ஏறத்தாழ இதுதான்.

ஆலைப் புகைபோக்கியை இந்தக் கணக்கிலிருந்து இப்போதே விலக்கிவிடுவது நல்லது. சிமெண்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரை ஒரு டன் செய்யும்போது, எரிபொருளை விட்டுவிட்டு, சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டுமே ஏறத்தாழ அரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் சுமார் 40 மோல் கண்ணுறு ஒளித்துகள்கள் விழுகின்றன. நூறு துகளுக்கு ஒரு மூலக்கூறு என்ற ஒரு விழுக்காட்டு விளைச்சலை அடைந்தாலும், ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் மாற்றுவது 18 கிராம் வாயுவைத்தான். ஒரு டன் கிளிங்கரின் பங்கை ஒரே நாளில் தீர்ப்பதற்கு ஏழு ஏக்கர் பரப்பு வேண்டும். அதற்கும் மேலாக, உலைப்புகையில் ஆக்சிஜனும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்திருக்கும். கீழே பேசப்படும் அணைவுச் சேர்மங்கள் (உலோக அணுவைச் சுற்றிப் பிற மூலக்கூறுகள் பிணைந்தவை) ஏறத்தாழ எல்லாமே ஆக்சிஜனைக் கண்டால் வேலையை நிறுத்திவிடுபவை. ஆகவே நாம் தேர்ந்தெடுப்பது ஆலைக்கான தீர்வை அல்ல. நம்பகமாக அளந்து, பிறர் செய்து பார்த்தாலும் அதே விடை வரக்கூடிய ஒரு வேதிவினையை.

கரியமில வாயு மூலக்கூறு நேர்கோட்டு வடிவமும் மிகுந்த நிலைப்பும் கொண்டது. அதன்மேல் ஓர் எலக்ட்ரானை மட்டும் ஏற்ற முயன்றால், ஹைட்ரஜன் மின்வாயை அளவுகோலாகக் கொண்டு, −1.90 வோல்ட் வரை இறங்க வேண்டியிருக்கும். இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் சேர்த்துக் கொடுத்துக் கார்பன் மோனாக்சைடாக மாற்றினால், நடுநிலைக் கரைசலில் −0.53 வோல்ட் போதும். இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதே உலோகத்தின் பணி: வாயுவைப் பிடித்து, வளைத்து, எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகக் கைமாற்றிவிட வேண்டும். தொல்லை என்னவென்றால், அதே புரோட்டான்கள் −0.41 வோல்ட்டிலேயே ஹைட்ரஜன் வாயுவாகிவிடக் கூடியவை. கரியமில வாயுவை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் தந்துகொண்டிருக்கும் வினையூக்கி நமக்குப் பயன்படாது. ஆகவே வேகத்தைப் போலவே தேர்வுத்திறனும் எடைபோடப்பட வேண்டும்.

ஒரு புட்டியில் மூன்று உறுப்புகள் இருக்கும். ஒளியை உள்வாங்கும் ஒளியேற்பி ஒன்று. எலக்ட்ரானை இழந்து தானும் அழிந்துபோகும் கொடையாளி ஒன்று. வாயுவை மாற்றும் வினையூக்கி ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் 'மலிவு உலோகம்' என்று போடப்படுவது பெரும்பாலும் மூன்றாவதற்கு மட்டுமே பொருந்தும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒளியேற்பியாக ரூதெனியம் டிரிஸ்பைப்பிரிடினோ இரிடியம் சேர்மமோ இருக்கும்; அதுவும் வினையூக்கியைவிடப் பல மடங்கு செறிவில் இருக்கும். இரும்பு வினையூக்கி என்று பெயர் சூட்டப்பட்ட புட்டியில் இரும்பைவிட ரூதெனியம் அதிகமாகக் கரைந்திருப்பதை நான் ஏற்க மறுக்கிறேன். புட்டிக்குள் போகும் எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை. உலோகங்களின் வரிசை அதனால் கணிசமாக மாறிவிடுகிறது.

ரூதெனியத்தையும் ரீனியத்தையும் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ழான்-மரி லேன் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் செய்த வேலையிலிருந்துதான் இந்தத் துறையே கிளைத்தது. பைப்பிரிடினும் மூன்று கார்போனைல் தொகுதிகளும் கொண்ட ரீனியம் சேர்மம், ஒளியேற்பியாகவும் வினையூக்கியாகவும் தானே நின்று கார்பன் மோனாக்சைடைத் தூய்மையாகத் தருகிறது. ஆனால் புவியோட்டில் இரும்பு எடையில் சுமார் ஐந்து விழுக்காடு, மாங்கனீசு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ரீனியமும் ரூதெனியமும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கின்றன. ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் அளவுகோலாக அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

"இரும்புதான் விலை குறைவாச்சே சார், அதையே எடுத்துக்கலாமே" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் வந்துசேரும் முடிவு சரி. சொல்லும் காரணம் சரியில்லை. 5 மி.லி. கரைசலில் 0.05 மில்லிமோலார் செறிவில் இரும்புச் சேர்மம் போட்டால் அதிலுள்ள இரும்பின் எடை 14 மைக்ரோகிராம். அந்த அளவில் எந்த உலோகமானாலும் செலவு ஒரு பொருட்டே அன்று. பணத்தை விழுங்குவது உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும் கரிம மூலக்கூறான ஈந்தணைவிதான். எனவே இரும்பைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறு காரணங்கள் வேண்டும், அவை இருக்கின்றன.

போர்பிரின் என்பது நான்கு நைட்ரஜன்களால் உலோகத்தை நடுவில் பிடித்திருக்கும் பெரிய கரிம வளையம். இரும்பு போர்பிரின்களைப் பாரிஸில் சவேயாங், கோஸ்தாங்தாங், ரொபேர் ஆகியோர் நீண்ட காலம் ஆராய்ந்து, வினை நடக்கும் வழியை ஏறத்தாழ படிப்படியாக அறிந்து வைத்திருக்கிறார்கள். போர்பிரின் வளையத்தின் ஓரத்தில் பீனால் தொகுதிகளைப் பொருத்தினால், வாயு பிணையும் இடத்துக்கு அருகிலேயே புரோட்டான் கிடைத்து வினை பெரிதும் விரைவுபடும் என்பதை அவர்கள் 2012ல் காட்டினார்கள். 2017ல் ரொபேர் குழு, நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியத் தொகுதிகளை ஓரத்தில் வைத்த இரும்பு போர்பிரினைக் கொண்டு, கண்ணுறு ஒளியில் எட்டு எலக்ட்ரான் ஒடுக்கமான மீத்தேன் வரை சென்றது. முதலில் கார்பன் மோனாக்சைடாக்கி, பிறகு அதை ஒடுக்கும் இரண்டு கட்ட முறையில் மீத்தேனின் தேர்வுத்திறன் 82 விழுக்காடு. குவாண்டம் விளைச்சலோ, அதாவது உள்வாங்கிய ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்டவற்றின் பங்கோ, 0.18 விழுக்காடுதான். அந்த முதல் வேலையில் ஒளியேற்பி இரிடியம். அடுத்த ஆண்டே பீனாக்ஸசீன் வகைக் கரிமச் சாயத்தைக் கொண்டு அதே போர்பிரினை இயக்கிக் காட்டினார்கள் என்பதால், இரிடியம் இன்றியமையாதது அன்று என்பது உறுதியாகிவிட்டது.

போர்பிரினின் குறை அதன் மின்னழுத்தத் தேவை. இரும்பு மூன்றாம் நிலையிலிருந்து மூன்று எலக்ட்ரான்களை ஏற்றுப் பூச்சிய நிலைக்கு இறங்கிய பிறகே கரியமில வாயுவைப் பிடிக்கும். அவ்வளவு தூரம் இறக்குவதற்கு வலிமையுள்ள ஒளியேற்பி தேவை. ரூதெனியம் டிரிஸ்பைப்பிரிடினுக்கே அந்த வலிமை போதாது. இந்த இடத்தில்தான் நான்கு பிரிடின் வளையங்களைக் கோத்த குவாட்டர்பிரிடின் ஈந்தணைவி கைகொடுக்கிறது. ஈந்தணைவியே எலக்ட்ரானைத் தாங்கிக்கொள்வதால் உலோகத்தை அவ்வளவு கீழே தள்ள வேண்டியதில்லை. ரொபேரும் ஹாங்காங்கைச் சேர்ந்த லாவும் 2016ல் வெளியிட்ட அளவீடுகளில், ரூதெனியம் ஒளியேற்பியுடன் இரும்புக் குவாட்டர்பிரிடின் 3000க்கு மேற்பட்ட சுழற்சி எண்ணை (ஒரு வினையூக்கி மூலக்கூறு மாற்றித்தந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையை) எட்டியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி: ரூதெனியத்தை எடுத்துவிட்டு, பர்ப்பியூரின் என்ற கரிமச் சாயத்தைப் போட்டபோதும் இரும்பு 1365 சுழற்சிகளையும் 92 விழுக்காட்டுத் தேர்வுத்திறனையும் தந்தது, கோபால்ட் 790ல் நின்றுவிட்டது. அரிய உலோகம் ஒன்றுகூட இல்லாத புட்டியில் இரும்பு கோபால்ட்டை முந்தியிருக்கிறது.

பர்ப்பியூரின் நம் ஊருக்கு அந்நியம் அன்று. சித்த, ஆயுர்வேத மருந்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டி வேரின் செந்நிறத்துக்குக் காரணமான சாயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வேரை அரைத்து வடித்தெடுத்த சாற்றை அளவீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் பல சாயங்கள் கலந்திருப்பதால், எது வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. தூய நிலையில் விற்கப்படுவதையே வாங்க வேண்டும்.

செய்முறையில் போர்பிரினுக்கும் குவாட்டர்பிரிடினுக்கும் உள்ள வேறுபாடு நம் ஆய்வகத்துக்குத் தீர்மானமானது. டெட்ராபீனைல் போர்பிரினைச் செய்வதற்குப் பிர்ரோலையும் பென்சால்டிஹைடையும் கொதிக்கும் புரோப்பியானிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைத்தாலே போதும். அமிலத்தின் புளித்த நாற்றம் உடையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் என்பதையும், பாலக்காட்டு வெயிலில் வைத்த பிர்ரோல் சில நாட்களிலேயே பழுப்பேறிவிடுவதால் ஒவ்வொரு முறையும் வடித்தெடுத்த உடனே பயன்படுத்த வேண்டும் என்பதையும் தவிர இதில் சிரமம் இல்லை. கறுத்த தார்போல் தெரியும் கலவையை ஆறவிட்டு வடிகட்டி, மெத்தனாலால் கழுவக் கழுவக் கறுப்பு நீங்கி, வடிதாளின்மேல் கத்தரிப்பூ நிறத்தில் பளபளக்கும் படிகங்கள் எஞ்சும். விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மூலப்பொருள் மலிவு. குவாட்டர்பிரிடினுக்கோ முதலில் புரோமோபைப்பிரிடினைச் செய்து, பிறகு நிக்கல் துணையுடன் இரண்டு மூலக்கூறுகளை இணைக்க வேண்டும். ஈரமும் காற்றும் புகக் கூடாத வினை அது. முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கத் தக்கது போர்பிரின்; ஓராண்டு பழகியவர் கையில் குவாட்டர்பிரிடின்.

கோபால்ட்டின் பக்கமும் நியாயம் வலுவாக இருக்கிறது. லேனும் சீசலும் 1982ல் ஒளியால் கரியமில வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கியபோது வினையூக்கியாகப் பயன்படுத்தியது கோபால்ட் குளோரைடுதான். எளிய உப்பையும் பைப்பிரிடினையும் ஒரு புட்டியில் கலந்தாலே வேலை செய்யத் தொடங்கிவிடுவது அதன் பெருமை. அதன் ஆபத்தும் அதுவே. கோபால்ட் எந்த ஈந்தணைவியோடும் ஏதாவது ஒன்றைத் தந்துகொண்டிருக்கும் என்பதால், நாம் பாடுபட்டுச் செய்த அணைவுச் சேர்மம்தான் வேலை செய்ததா, அது சிதைந்து உருவான உலோகத் துகள்களோ வெறும் அயனியோ வேலை செய்ததா என்பதை நிறுவுவது பெரும்பாடு. பாதரசம் சேர்த்துப் பார்ப்பது, வெறும் உப்பை மட்டும் போட்டுப் பார்ப்பது, ஒளிச்சிதறலால் துகள்களைத் தேடுவது என்று மும்மடங்கு வேலை கூடிவிடும். மேலும் கோபால்ட் பல ஈந்தணைவிகளில் ஹைட்ரஜனையும் சேர்த்தே தருகிறது. 1982ன் முடிவிலும் இரண்டு வாயுக்களும் கலந்தே வந்தன.

ஆனால் ஒரு சூழ்நிலையில் கோபால்ட்டையே முதலிடத்தில் வைப்பேன். கரிமச் செய்முறைக்கு ஆள் இல்லாத ஆய்வகமாக இருந்தால், யூரியாவையோ மெலமைனையோ மூடிய பீங்கான் மூசையில் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி மஞ்சள் நிறக் கார்பன் நைட்ரைடைச் செய்துகொள்ளலாம். அம்மோனியா வெளியேறுவதால் ஃபர்னஸ் காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் திறமை எதுவும் வேண்டியதில்லை. அந்தத் தூள் நீல ஒளியின் விளிம்பை உள்வாங்கும் குறைகடத்தி. அதன்மேல் கோபால்ட் குவாட்டர்பிரிடினை வேதிப்பிணைப்பால் ஒட்டி, 98 விழுக்காட்டுத் தேர்வுத்திறனோடு கார்பன் மோனாக்சைடைப் பல நாட்கள் தொடர்ந்து பெற்றதாக 2020ல் ரொபேர் குழு காட்டியிருக்கிறது. விலைக்குக் கிடைக்கும் கோபால்ட் தாலோசயனினை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பதும் கைக்கு எட்டும் வேலைதான். தூளை வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பது கரைசல் முறைகளுக்கு இல்லாத வசதி.

கிடைப்புத்தன்மையில் கோபால்ட்டை இரும்போடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உலகச் சுரங்க உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. மின்கலத் தொழிலும் அதைத்தான் கேட்டு நிற்கிறது. இந்திய அரசு 2023ல் வெளியிட்ட முப்பது முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கோபால்ட், நிக்கல், தாமிரம், டைட்டானியம் எல்லாமே இருக்கின்றன. நாம் பேசும் உலோகங்களுள் அதில் இடம்பெறாதவை இரும்பும் மாங்கனீசும் மட்டுமே. 'மண்ணில் தாராளம்' என்ற அடைமொழியை ஐந்துக்கும் பொதுவாகச் சூட்டுவது வசதிக்காகச் செய்யும் ஏற்பாடு.

நிக்கலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சைக்ளம் என்ற நான்கு நைட்ரஜன் வளையத்துக்குள் அமர்ந்த நிக்கல், பாதரச மின்வாயில் தண்ணீரிலேயே கரியமில வாயுவைத் தேர்ந்தெடுத்து ஒடுக்குவதை, பின்னாளில் மூலக்கூறு எந்திரங்களுக்காக நோபல் பரிசு பெற்ற சோவாஜும் அவருடைய கூட்டாளிகளும் 1984ல் வெளியிட்டார்கள். ஒளிவினையில் அதே சேர்மம் அவ்வளவு சோபிக்கவில்லை. தான் உண்டாக்கிய கார்பன் மோனாக்சைடே அதைக் கட்டிப்போட்டு முடக்கிவிடுகிறது. 2013ல் கலிபோர்னியாவில் சாங் குழு, கார்பீன்–ஐசோகுவினோலின் ஈந்தணைவியுள்ள நிக்கலைக் கொண்டு 98,000 சுழற்சி எண்ணை எட்டியது. அதைப் படித்துவிட்டு நிக்கலை எடுக்க வேண்டும் என்று துடிக்கும் மாணவரை ஒரு கணக்குப் போடச் சொல்ல வேண்டும். ஒரு நானோமோலார் செறிவில் 5 மி.லி. கரைசலில் இருக்கும் வினையூக்கி 5 பைக்கோமோல். அது ஒரு லட்சம் முறை சுழன்றாலும் கிடைப்பது அரை மைக்ரோமோல் வாயு. அதாவது 12 மைக்ரோலிட்டர். மாறாக, 0.05 மில்லிமோலார் இரும்பு வெறும் 300 முறை சுழன்றாலே 75 மைக்ரோமோல், ஏறத்தாழ 1.8 மி.லி. வாயு வந்துவிடும். நம்முடைய பங்கீட்டு குரோமட்டோகிராப்பில் முன்னது அடிக்கோட்டு இரைச்சலோடு மல்லுக்கட்டும். பின்னது நிமிர்ந்த முகடாக எழும். செறிவைக் குறைக்கக் குறைக்கச் சுழற்சி எண் ஏறும் என்பதால், அந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு உலோகங்களை வரிசைப்படுத்துவது பயனற்றது. கிடைத்த வாயுவின் மோல் அளவு, குவாண்டம் விளைச்சல், தேர்வுத்திறன் மூன்றும் உடனிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. மேற்சொன்ன நிக்கல் வேலையிலும் ஒளியேற்பி இரிடியமே. குவாண்டம் விளைச்சல் 0.01 விழுக்காடு.

மாங்கனீசு தனிமவரிசை அட்டவணையில் ரீனியத்துக்கு மேலே, அதே தொகுதியில் இருப்பது. ரீனியம் செய்வதையெல்லாம் அதன் மலிவான உறவுக்காரரும் செய்யும் என்று வேதியியலர்கள் நெடுநாள் எதிர்பார்த்தும், 2011ல்தான் கிரெனோபிளைச் சேர்ந்த குழு, பைப்பிரிடின்–டிரைகார்போனைல் மாங்கனீசு புரோமைடு மின்வினையில் கரியமில வாயுவை ஒடுக்குவதைக் காட்டியது. கரைசலில் சிறிது தண்ணீர் போன்ற மெல்லிய அமிலம் இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பது முன்னே பலர் கவனிக்காமல் விட்ட நுட்பம். ஒளிவினையில் இன்று பெரிதாகப் பேசப்படுவது டோக்கியோவில் இஷிடானி குழு 2018ல் செய்தது: தாமிர ஒளியேற்பியையும் மாங்கனீசு வினையூக்கியையும் இணைத்து, கார்பன் மோனாக்சைடும் பார்மிக் அமிலமும் சேர்ந்து 57 விழுக்காடு குவாண்டம் விளைச்சலைப் பெற்றார்கள். புட்டியில் அரிய உலோகம் இல்லாமல் இவ்வளவு உயர்ந்த எண்ணைக் காண்பது அரிது. தாதுவும் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் போன்ற நம் அண்டைப் பகுதிகளிலேயே வெட்டியெடுக்கப்படுகிறது.

இருந்தும் இந்த ஆய்வகத்துக்கு மாங்கனீசை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கார்போனைல் சேர்மங்கள் ஒளிபட்டால் கார்பன் மோனாக்சைடை உதிர்ப்பவை. செய்முறை முழுவதையும் மங்கிய சிவப்பு ஒளியில், அலுமினியத் தாள் சுற்றிய குடுவைகளில் நடத்த வேண்டும். ஒளிவினையூக்கியாகப் பயன்படப் போகும் பொருளை ஒளியிடமிருந்து காப்பதிலேயே மாணவரின் பாதி நாள் போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வினையின் விளைபொருளும் கார்பன் மோனாக்சைடு, வினையூக்கி சிதைந்தால் உதிர்வதும் அதே வாயு. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியக் கார்பன்-13 (எடை கூடிய கார்பன் ஐசோடோப்பு) ஏற்றிய வாயுவை ஒவ்வொரு கட்டத்திலும் செலவழிக்க வேண்டும். தாது மலிவாக இருந்தாலும், தொடக்கப் பொருளான மாங்கனீசு கார்போனைல் குப்பியின் விலை மலிவில்லை என்பதையும் மறக்கலாகாது.

தாமிரத்தை வினையூக்கியாக அன்றி, ஒளியேற்பியாகவே நான் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். மின்வினையில் எத்திலீன் வரை கொண்டுசெல்லும் தாமிரத்தின் புகழ் உலோகப் பரப்புக்கு உரியது. கரைசலில் ஒளியின் கீழ் அது அப்படியே கிடைப்பதில்லை. ஒன்றாம் நிலைத் தாமிரத்தோடு பருமனான டைபாஸ்பீனையும், 2,9 இடங்களில் மெத்தில் தொகுதியுள்ள பீனாந்த்ரோலினையும் அறை வெப்பநிலையில் அடுத்தடுத்துக் கலந்தால், சில நிமிடங்களில் கரைசல் மஞ்சளாகி ஒளியேற்பி தயாராகிவிடும். ஒளியூட்டிய நிலையில் தாமிரத்தைச் சுற்றிய வடிவம் தட்டையாகிச் சக்தியை வீணாக்கப் பார்க்கும். அந்த மெத்தில் தொகுதிகள் இடையில் நின்று அதைத் தடுக்கின்றன. 2016ல் இஷிடானி குழு இத்தகைய தாமிரத்தையும் எளிய இரும்பு–பீனாந்த்ரோலின் சேர்மத்தையும் இணைத்து 273 சுழற்சிகளையும் 6.7 விழுக்காடு குவாண்டம் விளைச்சலையும் பெற்றது. இந்த இணைக்கான ஈந்தணைவிகள் பெரும்பாலும் விலைக்கே கிடைப்பவை. குறை என்னவென்றால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களில் தாமிரம் தன் ஈந்தணைவிகளை இடம் மாற்றிக்கொள்ளும். காலையில் போட்ட சேர்மமே மாலையிலும் இருக்கிறதா என்று நிறமாலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டைட்டானியம் டை ஆக்சைடைக் கேரள எல்லையில் இருந்துகொண்டு பேசாமல் விட முடியாது. சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரைக் கருமணலிலிருந்து இல்மனைட் பிரிக்கப்படுகிறது. நிறமித் தரத்து டைட்டானியம் டை ஆக்சைடு கேரளத்திலேயே தயாராகிறது. இனோவேயும் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1979லேயே இது உள்ளிட்ட குறைகடத்தித் தூள்களைத் தண்ணீரில் கலக்கி, ஒளியால் கரியமில வாயுவை ஒடுக்கியதாக வெளியிட்டார்கள். ஆனால் 3.2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள பொருள் புற ஊதாக் கதிரை மட்டுமே ஏற்கும். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அதன் பங்கு ஐந்து விழுக்காட்டு அளவுதான். விளைபொருளும் மிகச் சொற்பம் என்பதால், தூளின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த கரிம அழுக்கு சிதைந்து வந்த மீத்தேனையே வெற்றி என்று எண்ணிவிடும் வாய்ப்பு அதிகம். வண்ணப்பூச்சுக்கென்று மேற்பூச்சிட்டு விற்கும் நிறமியை எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். இளங்கலை மாணவருக்கு ஒளிவினையூக்கத்தை விளக்கிக்காட்ட இது சிறந்தது. ஆய்வேட்டுக்கு உகந்தது அன்று.

எந்த உலோகத்தை எடுத்தாலும் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது கரைப்பான். மேற்சொன்ன பர்ப்பியூரின் முடிவு டைமெத்தில்பார்மமைடில் பெறப்பட்டது. அந்தக் கரைப்பான் ஈரத்தோடு காரப்பொருளும் சேர்ந்தால் சிதைந்து தானே பார்மேட்டை (பார்மிக் அமிலத்தின் அயனியை) தரும். பார்மிக் அமிலம் கிடைத்தது என்று அறிவிக்கும் முன், கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கானைச் செலுத்தி அதே சோதனையைச் செய்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடை மட்டும் அளவிடும் திட்டத்தில் இந்த இடர் குறைவு என்பது இரும்புக்குச் சாதகமான இன்னொரு காரணம். இரண்டாவது கொடையாளி. இன்று பரவலாகப் பயன்படும் பென்சிமிடசோலின் கொடையாளி ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு எலக்ட்ரான்களைத் தரும். அதன் மூலக்கூறு எடை 224, கார்பன் மோனாக்சைடின் எடை 28. ஒரு கிராம் விளைபொருளுக்கு எட்டு கிராம் கொடையாளி அழிகிறது என்றால், உலோகம் எவ்வளவு மலிவாக இருந்தும் என்ன பயன்? ட்ரைஎத்திலமீனும் ட்ரைஎத்தனாலமீனும் விலை குறைந்தவை. ஆனால் அவை எலக்ட்ரானைத் தரும் திறனில் அதற்கு ஈடாகா. இந்தத் துறை முழுவதும் இன்னும் தீர்க்காத கடன் இது. இரண்டு ஆண்டுத் திட்டம் இதைத் தீர்க்கப் புறப்பட வேண்டியதில்லை, ஆனால் ஆய்வேட்டில் மறைக்கவும் கூடாது.

ஆகவே என் பரிந்துரை இரும்பு. முதலாண்டில் டெட்ராபீனைல் போர்பிரினையும் அதன் ஓரத்தில் தொகுதிகள் மாற்றிய ஓரிரு வகைகளையும் செய்து, கரிமச் சாய ஒளியேற்பியுடன் அளவீட்டு முறையை நிலைநிறுத்த வேண்டும். வலிமையுள்ள சாயம் கைக்கு வராமல் வினை மந்தமாக இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. அந்த ஆண்டின் நோக்கம், ஒரே புட்டியை மூன்று முறை வைத்தால் மூன்று முறையும் ஒரே அளவு வாயு வருகிறது என்று காட்டுவது. இரண்டாம் ஆண்டில் குவாட்டர்பிரிடின்–பர்ப்பியூரின் இணைக்குப் போகலாம். அந்த ஈந்தணைவி கைகூடவில்லை என்றால், இரும்பு–பீனாந்த்ரோலினைத் தாமிர ஒளியேற்பியோடு சேர்க்கும் வழி திறந்தே இருக்கிறது. கோபால்ட்டை அதே ஈந்தணைவியில் ஒப்புச் சோதனைக்காக மட்டும் செய்து வைக்க வேண்டும். குளோவ் பாக்ஸும் நிறமாலைக் கருவிகளும் உள்ள ஆய்வகத்தோடு கூட்டு அமைந்தால் மாங்கனீசு–தாமிர இணை இந்த வரிசையில் மேலேறிவிடும்; கரிமச் செய்முறையில் தேர்ந்த மாணவர் கிடைக்காவிட்டால் கார்பன் நைட்ரைடும் கோபால்ட்டும் மேலேறும்.

வாங்கும் பட்டியலில் உலோக உப்புகளுக்கு முன்னால் எழுத வேண்டியவை கார்பன்-13 கரியமில வாயுவுக்கான சிறு சிலிண்டரும், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் கலந்த அளவீட்டு வாயுவும், அறையில் மாட்டுவதற்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும். குறியிட்ட வாயு விலை கூடியது என்பதால் அதை இரண்டு சோதனைகளுக்கு மட்டும் ஒதுக்கி, மாதிரிகளை நிறைநிறமாலைக் கருவி உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கிருந்து, கார்பன்-13 உள்ள கார்பன் மோனாக்சைடுக்குரிய 29 என்ற நிறை எண்ணோடு விடை வந்த பிறகே சுழற்சி எண்ணைக் கணக்கிட உட்கார வேண்டும்.